பெரிய டயருக்கு எவ்வளவு அகல ரிம்?

ஐஸ்லாந்து என்னும் வடகோடித் தீவு நாட்டின் பரப்பில் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கு பனியாறுகளால் மூடப்பட்டுள்ளது. அந்நாட்டில் குளிர்காலத்தில் மலைப்பகுதிக்குச் செல்வோர் விந்தையான ஒரு காரியத்தைச் செய்வர். சாலை முடிந்து வெண்பனி தொடங்கும் இடத்தில் வண்டியை நிறுத்தி, நான்கு டயர்களிலிருந்தும் காற்றைத் திறந்து விடுவர். சதுர அங்குலத்துக்கு 25 அல்லது 30 பவுண்டாக இருந்த காற்றழுத்தம் மூன்று, நான்கு பவுண்டு வரைகூட இறங்கிவிடும். நம் ஊரில் இப்படி ஒரு டயரைக் கண்டால் "பஞ்சர்" என்று சொல்லிவிடுவோம். ஐஸ்லாந்துக்காரரோ அந்தத் தொளதொளத்த டயர்களுடன், இரண்டு டன் எடையுள்ள வண்டியை, நடந்தால் முழங்கால் வரை புதையும் பனியின் மேல் ஓட்டிச் செல்கிறார்!

2007-ஆம் ஆண்டில் பி.பி.சி. தொலைக்காட்சியின் டாப் கியர் குழுவினர், இவ்வாறு ஐஸ்லாந்தில் மாற்றியமைக்கப்பட்ட டொயோட்டா ஹைலக்ஸ் வண்டிகளில் வட கனடாவின் உறைந்த கடல் மீது பயணம் செய்தனர். 1996-இல் காந்த வடதுருவம் இருந்த இடத்தை அவர்கள் சென்றடைந்தனர். (காந்தத் துருவம் ஓரிடத்தில் நில்லாது நகர்ந்துகொண்டே இருப்பதை மாணவர்கள் அறிவர்.) அவ்வண்டிகளின் டயர்கள் 38 அங்குல விட்டமுடையவை, அதாவது ஏறத்தாழ ஒரு மீட்டர் உயரம். அண்டார்க்டிகாவில் 44 அங்குல டயர் பூட்டிய வண்டிகளும் ஓடியுள்ளன.

பெரிய டயர் வாங்கிவிட்டால் மட்டும் போதுமா? போதாது. அதை எந்த அகலமுள்ள ரிம்மில் ஏற்றுவது என்ற கேள்வி உடனே எழும். பார்வைக்குச் சிறிய கேள்வி. ஆனால் தவறான விடை கண்டவரின் டயர், ஆளரவமற்ற பனிவெளியிலோ மலைச்சரிவிலோ ரிம்மிலிருந்து கழன்றுவிடக்கூடும். இக்கேள்விக்கான விடை, உயர்நிலைப் பள்ளியில் நாம் படிக்கும் அழுத்தம், விசை ஆகியவற்றிலேயே அடங்கியிருக்கிறது. அதனை இங்கே காண்போம்.

பாரத்தைத் தாங்குவது எது?

வண்டியின் எடையைத் தாங்குவது ரப்பர் என்று பலர் எண்ணுகின்றனர். உண்மையில் பெரும்பகுதியைத் தாங்குவது உள்ளே அடைபட்ட காற்றே. டயர் தரையைத் தொடும் பரப்பைக் காற்றழுத்தத்தால் பெருக்கினால், கிடைப்பது ஏறத்தாழ அந்தச் சக்கரத்தின் மேலுள்ள பாரம். டயர்ச் சுவரின் விறைப்பும் ஒரு சிறு பங்கைத் தாங்கும். கணக்கின் எளிமைக்காக அதை இப்போது விட்டுவிடுவோம்.

2,000 கிலோகிராம் எடையுள்ள வண்டி ஒன்றை எடுத்துக்கொள்வோம். ஒவ்வொரு சக்கரத்தின் மேலும் 500 கிலோ பாரம். டயரின் காற்றழுத்தம் சதுர சென்டிமீட்டருக்கு 2 கிலோ (ஏறத்தாழ 28 பவுண்டு) என்றால், தரையைத் தொடும் பரப்பு 250 சதுர செ.மீ. அழுத்தத்தை 1 கிலோவாகக் குறைத்தால் பரப்பு 500 சதுர செ.மீ. ஆகிறது. கால் கிலோவாகக் குறைத்தால் 2,000 சதுர செ.மீ.! பாரம் மாறவில்லை, ஆனால் ஒவ்வொரு சதுர சென்டிமீட்டர் பனியும் சுமக்க வேண்டிய எடை எட்டில் ஒரு பங்காகிவிட்டது. ஒட்டகத்தின் அகன்ற பாதம் மணலில் புதையாதிருப்பதும் இதே காரணத்தால்தான்.

இந்த உண்மையைப் பாலைவனத்தில் பயன்படுத்தியவர்களுள் குறிப்பிடத்தக்கவர் ரால்ஃப் பாக்னால்ட் என்னும் ஆங்கிலேய இராணுவப் பொறியாளர். 1929, 1930, 1932 ஆகிய ஆண்டுகளில் அவர் ஃபோர்டு கார்களில் லிபியப் பாலைவனத்தில் பயணம் செய்தார். டயர் காற்றைக் குறைத்து, கார்களால் கடக்க இயலாது என்று கருதப்பட்ட மணற்குன்றுகளைக் கடந்து காட்டினார். மணல் காற்றில் எவ்வாறு நகர்கிறது என்பதை ஆராய்ந்து 1941-இல் அவர் வெளியிட்ட நூல் இன்றும் இயற்பியலாளர்களால் போற்றப்படுகிறது.

அகல டயரால் என்ன பயன்?

இங்கே ஒரு தவறான எண்ணத்தைக் களைய வேண்டும். "டயர் அகலமாக இருந்தால் தரையைத் தொடும் பரப்பு கூடும்" என்று பொதுவாகச் சொல்வதுண்டு. மேலே கண்ட கணக்கில் டயரின் அகலம் எங்காவது வந்ததா? இல்லை. பாரமும் அழுத்தமும் மாறாவிட்டால் பரப்பும் ஏறத்தாழ மாறாது. குறுகிய டயர் நீண்ட தடத்தைப் பதிக்கும்; அகன்ற டயர் குட்டையான தடத்தைப் பதிக்கும்; அவ்வளவே வேறுபாடு.

அப்படியானால் பெரிய டயரின் பயன் என்ன? அது குறைந்த அழுத்தத்திலும் பாரத்தைத் தாங்கவல்லது என்பதே. சிறிய டயரில் கால் கிலோ அழுத்தம் வைத்தால், பக்கச் சுவர் முழுவதும் மடிந்து ரிம் தரையில் இடித்துவிடும். உயரமான பக்கச் சுவருடைய டயரோ பல சென்டிமீட்டர் அமிழ்ந்தும் ரிம்மைக் காப்பாற்றும். அமிழும்போது தடம் பெரும்பாலும் நீளவாட்டில் வளர்கிறது. இது மேலும் நல்லது. பனியை முன்னால் தள்ளிக்கொண்டு போவதற்கான தடை, சக்கரத்தின் அகலத்தைப் பொறுத்தது, நீளத்தைப் பொறுத்ததன்று.

டயரின் மேல் எழுதியிருப்பது

இத்தகைய டயர்களின் பக்கச் சுவரில் 33 x 12.50 ஆர் 15 என்பது போன்ற குறியீடு காணப்படும். 33 என்பது டயரின் மொத்த விட்டம், 12.50 என்பது பக்கச் சுவர்கள் மிகப் புடைத்திருக்கும் இடத்தில் டயரின் அகலம். 'ஆர்' என்பது ரேடியல் வகையைக் குறிக்கும். 15 என்பது டயர் பொருந்தும் ரிம்மின் விட்டம். எல்லாம் அங்குலத்தில்.

ரிம்மின் விட்டம் சொல்லப்பட்டது. ரிம்மின் அகலம் எங்கே? அது டயரின் மேல் இராது. டயர் தயாரிப்பாளரின் அட்டவணையில்தான் இருக்கும். மேற்கண்ட டயருக்கு 8.5 அங்குலம் முதல் 11 அங்குலம் வரை அகலமுள்ள ரிம்கள் பொருந்தும் என்பது வழக்கமான அளவு. டயரின் 12.50 அங்குல அகலமே 10 அங்குல ரிம்மில் ஏற்றி அளந்ததுதான். ரிம்மை அரை அங்குலம் அகலப்படுத்தினால் டயரின் அகலம் ஏறத்தாழ 0.2 அங்குலம் கூடும் என்பது இத்துறையில் கையாளும் விதி. ஆகவே அதே டயர் 8.5 அங்குல ரிம்மில் 11.9 அங்குலமாகவும், 11 அங்குல ரிம்மில் 12.9 அங்குலமாகவும் இருக்கும்.

ரிம்மின் அகலத்தை அளப்பதிலும் ஒரு நுட்பம் உண்டு. டயரின் ஓரங்கள் ரிம்முக்குள் அமரும் இரண்டு இடங்களுக்கு இடைப்பட்ட தூரமே ரிம்மின் அகலம். வெளி ஓரத்திலிருந்து வெளி ஓரம் வரை நாடாவைப் பிடித்து அளந்தால் ஏறத்தாழ ஓர் அங்குலம் கூடுதலாகக் காட்டும். "11 அங்குலம்" என்று அப்படி அளந்து சொல்லப்படும் ரிம் உண்மையில் 10 அங்குல ரிம்மே.

காகிதத்தால் ஒரு சோதனை

ரிம்மின் அகலம் டயரின் வடிவத்தை எவ்வாறு மாற்றுகிறது என்பதைக் காண, கெட்டியான அட்டைத்தாளில் 40 செ.மீ. நீளமும் 5 செ.மீ. அகலமும் உள்ள ஒரு பட்டையை வெட்டிக்கொள்ளுங்கள். அதை வளைத்து, இரு முனைகளும் மேசையைத் தொடுமாறு வளைவு போல நிறுத்துங்கள். முனைகள் வெளியே சரியாதபடி இரு புறமும் புத்தகங்களை வையுங்கள். இந்த முனைகள் ரிம்மில் அமரும் டயர் ஓரங்கள். வளைவின் உச்சி, தரையைத் தொடும் பகுதி.

முதலில் முனைகளுக்கிடையே 8 செ.மீ. இடைவெளி விடுங்கள். உச்சி கூர்மையாக உருண்டு நிற்கும். பக்கங்கள் வெளியே புடைக்கும். இனி இடைவெளியை மெல்ல 25 செ.மீ. வரை கூட்டுங்கள். உச்சி தட்டையாகும், பக்கங்களின் புடைப்பு மறையும்.

டயரிலும் ஏறத்தாழ இதுவே நிகழ்கிறது. ரிம் மிகக் குறுகலானால் டயரின் தரைபடும் பகுதி உருண்டு, நடுப்பகுதியே பெரும்பாலான பாரத்தைச் சுமக்கும். நடுவில் 'பட்டன்' விரைவில் தேய்ந்துவிடும். திருப்பங்களில் வண்டி தள்ளாடும். ரிம் மிக அகலமானால் டயரின் இரு தோள்களும் அதிகம் தேயும். புடைத்த பக்கச் சுவர் மறைவதால், ரிம்மின் விளிம்பு பாறைகளுக்குத் துணையின்றி வெளிப்பட்டு நிற்கும்.

பீட்டைப் பிடித்து வைத்திருப்பது எது?

இப்போது மிக முக்கியமான செய்திக்கு வருகிறோம். டயரின் உட்புற ஓரங்கள் இரண்டிலும் எஃகுக் கம்பிகளாலான நீளாத வளையம் பொதிந்துள்ளது. இதைப் 'பீட்' என்பர். சார்லஸ் வெல்ச் என்னும் ஆங்கிலேயர் 1890-இல் இக்கம்பி ஓரத்துக்கு உரிமம் பெற்றார். டியூப் இல்லாத டயரில் இந்தப் பீட், ரிம்மின் விளிம்போடு ஒட்டி நிற்பதால்தான் காற்று வெளியேறுவதில்லை. அதை அங்கே ஒட்டி நிற்கச் செய்வது எது? கம்பியின் இறுக்கம் ஒரு பகுதி. மறு பகுதி, டயருக்குள் உள்ள காற்றே!

டயரைப் பக்கவாட்டில் நின்று பாருங்கள். பக்கச் சுவர் மிகப் புடைத்திருக்கும் இடத்தில் ஒரு வட்டம் இருப்பதாகக் கற்பனை செய்யுங்கள். அந்த வட்டத்துக்கும் பீட்டுக்கும் இடைப்பட்ட பகுதி ஒரு வளையம். உள்ளிருக்கும் காற்று இவ்வளையத்தை வெளிநோக்கித் தள்ளுகிறது. அது பிய்த்துக்கொண்டு போகாமல் தடுப்பது யார்? மேல் ஓரத்தில், மிகப் புடைத்த இடத்தில், சுவர் நேர் செங்குத்தாக நிற்கிறது. அங்குள்ள இழுவிசை ஆரத்தின் வழியே செயற்படுவதால் அதற்குப் பக்கவாட்டுக் கூறு இல்லை. ஆகவே வளையத்தின் மேல் காற்று தரும் தள்ளுவிசை முழுவதும் பீட்டின் வழியே ரிம்மின் விளிம்பை அழுத்துகிறது. இதுவே பீட்டின் பிடிப்பு விசை.

இதைக் கணக்கிடலாம். 15 அங்குல ரிம்மின் ஆரம் ஏறத்தாழ 19 செ.மீ. அளவான ரிம்மில் டயர் மிகப் புடைக்கும் இடம், மையத்திலிருந்து 30 செ.மீ. தூரத்தில் இருப்பதாகக் கொள்வோம். வளையத்தின் பரப்பு:

3.14 x (30 x 30 - 19 x 19) = ஏறத்தாழ 1,690 சதுர செ.மீ.

காற்றழுத்தம் 2 கிலோ என்றால் பிடிப்பு விசை ஏறத்தாழ 3,400 கிலோ எடை. பீட்டின் சுற்றளவு 119 செ.மீ. ஆகவே ஒவ்வொரு சென்டிமீட்டர் பீட்டையும் 28 கிலோ எடை விளிம்போடு அழுத்திப் பிடித்திருக்கிறது.

இப்போது மிக அகலமான ரிம்மைப் பொருத்துவோம். காகிதச் சோதனையில் பார்த்தபடி பக்கச் சுவர் சாய்கிறது. மிகப் புடைத்த இடம் ரிம்மை நோக்கி இறங்குகிறது. அது 25 செ.மீ. ஆரத்துக்கு வந்துவிட்டதாகக் கொண்டால், வளையத்தின் பரப்பு ஏறத்தாழ 830 சதுர செ.மீ. மட்டுமே. பிடிப்பு விசை பாதியாகி, சென்டிமீட்டருக்கு 14 கிலோவாகிறது.

வண்டி ஒரு திருப்பத்திலோ சரிவிலோ செல்லும்போது தரை டயரைப் பக்கவாட்டில் தள்ளும். அவ்விசை 250 கிலோ என்று வைத்துக்கொள்வோம். அதைத் தரைக்கு அருகிலுள்ள 40 செ.மீ. நீளப் பீட் மட்டும் எதிர்கொள்வதாகவும் கொள்வோம். அந்த நீளத்தில் காற்று தரும் பிடிப்பு:

2 கிலோ அழுத்தத்தில், அளவான ரிம்மில் - 1,120 கிலோ
2 கிலோ அழுத்தத்தில், மிக அகல ரிம்மில் - 560 கிலோ
கால் கிலோ அழுத்தத்தில், அளவான ரிம்மில் - 140 கிலோ
கால் கிலோ அழுத்தத்தில், மிக அகல ரிம்மில் - 70 கிலோ

இந்த நான்கு எண்களையும் சற்று நின்று கவனியுங்கள். முழுக் காற்றுடன் சாலையில் ஓடும்போது இரண்டு ரிம்களும் 250 கிலோவை எளிதில் தாங்குகின்றன. அகல ரிம்மின் குறை வெளியே தெரிவதேயில்லை. காற்றைக் குறைத்ததும் நிலைமை தலைகீழாகிறது. அளவான ரிம்மில்கூடக் காற்றின் பிடிப்பு மட்டும் போதாது. எஞ்சிய 110 கிலோவைக் கம்பியின் இறுக்கமும் உராய்வும் ஈடுசெய்ய வேண்டும். அகல ரிம்மிலோ அவை 180 கிலோவை ஈடுசெய்ய வேண்டும். அது இயலாதபோது பீட் விளிம்பை விட்டு விலகுகிறது. நொடியில் காற்று முழுவதும் வெளியேறுகிறது. ரிம் தரையில் ஊன்றுகிறது. சரிவில் இவ்வாறு நேர்ந்தால் வண்டி கவிழவும் கூடும்.

ஐஸ்லாந்துக்காரர் கண்ட வழி

அப்படியானால் ஐஸ்லாந்தில் குறுகிய ரிம்களைத்தான் பயன்படுத்துவார்கள் என்று நீங்கள் முடிவு கட்டலாம். அங்கேதான் வியப்பு! 15.5 அங்குல அகல டயருக்கு அவர்கள் 12 முதல் 14 அங்குலம் வரை அகலமுள்ள ரிம்களைப் பூட்டுகின்றனர். காரணம், அவர்களுக்குப் பனியில் புதையாமல் இருப்பதே முதன்மையானது. மிகக் குறைந்த அழுத்தத்தில் டயரின் அடிப்பகுதி முழுவதும் தட்டையாகப் பனியில் படிய வேண்டும். அதற்கு அகல ரிம் வேண்டும்.

ஆனால் அதனால் இழந்த பிடிப்பை அவர்கள் வேறு வழியில் ஈட்டிக்கொள்கின்றனர். பீட் நழுவாதபடி ரிம்மில் மேடு எழுப்புவது, பீட்டைப் பசையிட்டு ஒட்டுவது ஆகியவை அவ்வழிகள். 'பீட் பூட்டு' என்னும் அமைப்பும் உண்டு. இதில் வெளிப்புறப் பீட்டை ஒரு வளையத்துக்கும் ரிம்முக்கும் இடையே வைத்துச் சுற்றிலும் போல்ட்டுகளால் முடுக்குவர். அப்போது பீட்டைப் பிடிப்பது காற்றன்று, போல்ட்டு. போல்ட்டுகளை அடிக்கடி சரிபார்க்க வேண்டும் என்பது இதன் விலை. பொறியியலில் எந்த நன்மையும் இனாமாகக் கிடைப்பதில்லை!

மறந்துவிடக் கூடாத மூன்று விளைவுகள்

முதலாவது, நெம்புகோல். 7 அங்குல ரிம்மை எடுத்துவிட்டு 10 அங்குல ரிம்மைப் பூட்டுவோர், உட்புறம் வண்டியில் உரசாமலிருக்கக் கூடுதல் அகலத்தை வெளிப்புறமே விடுவர். அப்போது சக்கரத்தின் நடுக்கோடு 1.5 அங்குலம், அதாவது 3.8 செ.மீ. வெளியே தள்ளப்படுகிறது. 500 கிலோ பாரம் 3.8 செ.மீ. கூடுதல் கையில் நின்று அச்சின் பேரிங்கை நெம்புகிறது. பேரிங் விரைவில் தேயும். கல்லில் இடிக்கும்போது ஸ்டீயரிங் கையைப் பறிக்கும்.

இரண்டாவது, வேகமானி. வண்டியின் வேகமானி சக்கரத்தின் சுழற்சியை எண்ணுகிறது. டயர் மாறியதை அது அறியாது. 29 அங்குல டயருக்குப் பதில் 33 அங்குல டயர் பூட்டினால் ஒவ்வொரு சுற்றுக்கும் வண்டி 14 சதவீதம் கூடுதல் தூரம் செல்லும். முள் 60 கி.மீ. காட்டும்போது உண்மையான வேகம் 68 கி.மீ. இயக்க ஆற்றல் வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. ஆகவே நிறுத்துவதற்குச் செலவிட வேண்டிய ஆற்றல் ஏறத்தாழ 29 சதவீதம் கூடுகிறது. அதே வேளையில் பிரேக்கின் திருப்புத்திறன் மாறாமல் சக்கரத்தின் ஆரம் கூடியதால், தரையில் கிடைக்கும் தடைவிசை 12 சதவீதம் குறைகிறது. ஓட்டுநர் இரு வகையிலும் ஏமாறுகிறார்.

மூன்றாவது, வெப்பம். காற்றுக் குறைந்த டயர் ஒவ்வொரு சுற்றிலும் அமிழ்ந்து நிமிர்கிறது. அப்போது ரப்பரில் ஆற்றலின் ஒரு பகுதி வெப்பமாகிறது. பனியில் மெல்ல ஊரும்போது இதனால் தீங்கில்லை. அதே டயருடன் தார்ச்சாலையில் விரைந்தால் சூடேறி, உள்ளடுக்குகள் பிரிந்து டயர் வெடித்துவிடலாம். அதனால்தான் இவ்வண்டிகளில் காற்றடிக்கும் கருவியும் உடன் செல்கிறது.

எதைத் தேர்ந்தெடுப்பது?

இதுவரை கண்டவற்றைத் தொகுத்துப் பார்த்தால் விடை தானே கிடைக்கிறது. தயாரிப்பாளர் தரும் எல்லைக்குள் நிற்பது முதல் விதி. பெரும்பாலும் சாலையில் ஓடும் வண்டிக்கு டயரை அளந்த ரிம்மின் அகலமே சிறந்தது. நம் எடுத்துக்காட்டில் அது 10 அங்குலம். பாறையிலும் மணலிலும் காற்றைக் குறைத்து ஓட்ட வேண்டியவர், எல்லையின் குறுகிய பக்கமாக, 8.5 அல்லது 9 அங்குல ரிம்மைக் கொள்வது நல்லது. பீட்டின் பிடிப்பும் ரிம்மின் பாதுகாப்பும் கூடும். ஆழ்பனியில் மிகத் தாழ்ந்த அழுத்தத்தில் செல்வோர் அகல ரிம்மை நாடலாம். ஆனால் பீட்டைப் பூட்டாமல் நாடக் கூடாது. பார்வைக்கு முறுக்காக இருக்கிறது என்பதற்காக மட்டும் ரிம்மை அகலப்படுத்துவோருக்கு இயற்பியல் எந்தச் சலுகையும் தருவதில்லை.

நீங்களே செய்து பாருங்கள்

ஜீப் வேண்டாம், ஒரு சைக்கிள் போதும். பின் டயரின் அடிப்பகுதியில் ஈரச் சுண்ணாம்பைப் பூசுங்கள். நண்பர் ஒருவரை இருக்கையில் அமர்த்தி, இருவர் இருபுறமும் பிடித்துக்கொண்டு, சக்கரத்தைக் கருப்புத் தாள் ஒன்றின் மேல் மெல்ல இறக்குங்கள், உடனே தூக்கிவிடுங்கள். பதிந்த தடத்தின் வெளிக்கோட்டைக் கட்டத்தாளில் வரைந்து, கட்டங்களை எண்ணிப் பரப்பைக் காணுங்கள். சைக்கிள் கடையில் காற்றழுத்தத்தை அளந்து, பவுண்டை 14.2-ஆல் வகுத்தால் சதுர செ.மீ.க்கு இத்தனை கிலோ என்று கிடைக்கும். பரப்பையும் அழுத்தத்தையும் பெருக்குங்கள். பின் சக்கரத்தைத் தராசின் மேல் நிறுத்திக் காணும் எடையோடு அதை ஒப்பிடுங்கள். பிறகு காற்றைப் பாதியாகக் குறைத்து மறுபடியும் செய்யுங்கள். பரப்பு சரியாக இரு மடங்காகிறதா? ஆகவில்லையென்றால், நாம் தொடக்கத்தில் விட்டுவிட்ட டயர்ச் சுவரின் விறைப்பு எவ்வளவு பாரத்தைத் தாங்குகிறது என்பதை நீங்களே கணக்கிட்டுவிடலாம்.